உடன்கட்டையும் உடன்போக்கும்

பாளையங்கோட்டையில் ஒரு கிணற்றுக்குப் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்று பெயர். அங்குள்ள பழைய சிறு தேவாலயத்துக்கும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே நெடுங்காலம் பெயர் வழங்கியது. இரண்டுக்கும் காரணமான பெண் ஒருவர்தான். தேவாலயப் பதிவேட்டில் அவர் கிளாரிந்தா. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் வாயில் அது குளோரிந்தா ஆகி, மரியாதை கூடும்போது ராசா குளோரிந்தா ஆகிவிடும். பெற்றோர் வைத்த பெயர் கோகிலா என்று சொல்பவர்கள் உண்டு. அ. மாதவையா அவரைப் பற்றி நாவல் எழுதியபோது வேறொரு பெயரைப் புனைந்துகொண்டார்.

ஊர் கொடுத்தது சாதிப் பெயர். சபை பதிந்தது ஆங்கிலப் பெயர். மற்றவை யூகம். அந்த ஆங்கிலப் பெயரையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானத்தில் சாராள், ராகேல், மரியாள் என்று வேதத்திலிருந்து பெயர் எடுத்து வைப்பதுதான் வழக்கம். கிளாரிந்தா வேதத்தில் இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் தம் காதலிகளின் உண்மைப் பெயரை மறைத்துக் கவிதையில் வைத்துக்கொண்ட பெயர்களில் அது ஒன்று. அவரோடு வாழ்ந்த ஆங்கில அதிகாரி ஹென்றி லிட்டில்டன் வைத்த பெயர் என்பார்கள். அப்படியானால் ஓர் ஆண் தன் வீட்டுக்குள் கூப்பிட்ட செல்லப் பெயரைத் திருச்சபை அப்படியே ஏட்டில் ஏற்றிவிட்டது.

அவரைப் பற்றிய பழைய நூல்களில் சுவார்ட்ஸ் ஐயருக்கு 'அவர்', கர்னலுக்கும் கேப்டனுக்கும் 'அவர்', இவருக்கு மட்டும் 'அவள்' என்று எழுதும் பழக்கம் உண்டு. நான் 'அவர்' என்றே எழுதுகிறேன். லிட்டில்டனைப் பெயர் சொல்லி எழுதினால் குழப்பம் வராது.

கதையை எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் மராத்தியப் பிராமணக் குடும்பம். கணவர் அரசருடைய பணியில் இருந்தவர். அவர் இறந்ததும் இளம் மனைவியை உடன்கட்டை ஏற்றப் பார்க்கிறார்கள். கும்பினிப் படை அதிகாரி லிட்டில்டன் வந்து தீயிலிருந்து அவரை மீட்கிறார். வீட்டுக்கு அழைத்துப்போகிறார். ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றுக்கொடுக்கிறார். இருவரும் பாளையங்கோட்டைக்கு வருகிறார்கள். லிட்டில்டன் இறந்துபோகிறார். 1778இல் சுவார்ட்ஸ் அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவர் கோயில் கட்டுகிறார், கிணறு வெட்டுகிறார், புண்ணியவதியாகச் சாகிறார்.

முதுகலை வகுப்பில் மாதவையாவின் 'முத்துமீனாட்சி'யை நடத்தும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வேன். கைம்பெண் வாழ்வைப் பேசிய தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்று அது. பெருங்குளத்தில் பிறந்த அதே மாதவையாதான் 1915இல் 'கிளாரிந்தா'வை ஆங்கிலத்தில் எழுதினார். கதை தீக்கு வரும்போது வகுப்பு அசையாது. குதிரை, வாள், புகை என்று நான் சொல்லாததையெல்லாம் அவர்களே மனதில் போட்டுக்கொள்வார்கள். எல்லோரும் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ஒரு வருடம் பின்வரிசை மாணவி ஒருத்தி மட்டும் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள். "அம்மா, அவரு கடைசி வரைக்கும் இவங்களக் கல்யாணம் பண்ணிக்கவே இல்லையா?"

இல்லை. பண்ணிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு கேள்வியோடு கதையைத் திரும்பப் படித்தால் அது வேறு கதையாகிவிடுகிறது. கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானியர். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றி 1798இல் தஞ்சாவூரிலேயே இறந்தவர். இந்தப் பெண் ஞானஸ்நானம் கேட்டு அவரிடம் வந்தது 1778க்கு முன்னாலேயே நடந்தது. அவர் மறுத்துவிட்டார். காரணம், இவர் ஓர் ஆங்கிலேயரோடு தாலியோ மோதிரமோ இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். லிட்டில்டன் திருமணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார், செய்யவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகுதான், அதாவது பாவம் செய்யத் துணை இல்லாமல் போன பிறகுதான், சுவார்ட்ஸ் இறங்கிவந்தார். சுவார்ட்ஸ் பதிந்துவிட்டுப்போன செய்தியின் சாரம் இதுதான். அவருடைய கவலை தீயைப் பற்றியது அல்ல, திருமணத்தைப் பற்றியது.

இதில் கட்டப்பட்டிருக்கும் முடிச்சைக் கவனியுங்கள். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் பெறாத பெண்ணுக்குக் கோயிலில் திருமணமும் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் அவிழ்த்துவிடலாம், லிட்டில்டன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கயிற்றின் நுனி லிட்டில்டன் கையில் இருந்தது. விலை கொடுத்தவர் இவர். லிட்டில்டன் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். எந்த வாசலிலும் போய் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வீடு, ஒரே பாவம், வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர் ஒருவர்தான்.

நம் மொழியும் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. வைப்பாட்டி என்கிறோம், ஆசைநாயகி என்கிறோம், சேர்த்துக்கொண்டவள் என்கிறோம். வைப்பாட்டி என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. 'வைத்திருப்பவர்' என்பது வினை. அதைச் செய்பவருக்கு அது பெயராக ஒட்டிக்கொள்வதில்லை.

கும்பினிக்காரர்கள் இந்நாட்டுப் பெண்களோடு வாழ்ந்தது அந்தக் காலத்தில் அரிதான செய்தியே அல்ல. 1687இலேயே லண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் சென்னைக்கு எழுதினார்கள்: நம் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்ளட்டும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா கொடுத்துவிடலாம் என்று. கோட்டைக்கு ஆள் வேண்டும், கத்தோலிக்கர்களாகிவிடாத ஆள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு கருப்பைக்கு ஒரு பகோடா. நூறு ஆண்டு கழித்துக் கணக்கு மாறியது. 1791இல், தாயோ தந்தையோ இந்தியராக இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கும்பினியின் உயர் பதவிகள் இல்லை என்று ஆணை வந்தது. சேர்ந்து வாழ்வதும் சேராமல் இருப்பதும் இரண்டு மனங்களின் விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் படுக்கையறைக்கு விதிமுறை லண்டனில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

1780களின் முதல் பாதியில் வங்காளத்தில் பதிவான ஆங்கிலேயர்களின் உயில்களில் மூன்றில் ஒன்று இந்தியப் பெண் ஒருவருக்கோ அவருடைய குழந்தைகளுக்கோ ஏதாவது விட்டுச்செல்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை வைத்து 'வெள்ளை முகலாயர்கள்' என்று ஒரு கனவுக் காலத்தையே கட்டியெழுப்பிவிட்டார்கள். இனவெறி வருவதற்கு முன்னால் எல்லோரும் எல்லோரையும் காதலித்த காலமாம். அந்த உயில்களில் பல பெண்களுக்குப் பெயரே இல்லை. 'என் குழந்தையின் தாய்', 'என்னோடு வாழும் பெண்' என்று முடிந்துவிடும். பணம் பெயர் இல்லாதவர்களுக்குப் போய்ச்சேர்ந்ததா என்று யார் பார்த்தார்கள்?

இந்தக் கனவுக் காலத்தின் ராணியாகக் காட்டப்படுபவர் ஹைதராபாத்தின் கைர்-உன்-நிசா. அவரையும் கிளாரிந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நபிகளின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட பெருங்குடும்பத்துப் பெண் அவர். கும்பினியின் பிரதிநிதி ஜேம்ஸ் அக்கிலஸ் கிர்க்பாட்ரிக். சந்தித்தபோது கிர்க்பாட்ரிக்குக்கு 34 வயது. கைருக்கு ஏறக்குறைய 14. காதல் கதை என்று சொல்லும் புத்தகங்கள் இந்த இரண்டாவது எண்ணை மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கிர்க்பாட்ரிக் குறைந்தபட்சம் மணந்துகொண்டார், இஸ்லாமிய முறைப்படி. கும்பினி விசாரணைகள் நடத்தியது. ஒரு மகன், ஒரு மகள். சாஹிப் ஆலம், சாஹிப் பேகம். 1805இல் அந்தக் குழந்தைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து, இங்கே ஜார்ஜ் சின்னரியைக் கொண்டு படம் வரையவைத்துவிட்டு, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஞானஸ்நானம் கொடுத்து வில்லியம் ஜார்ஜ், கேத்தரின் அரோரா என்று பெயரை மாற்றினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். கல்லறையைப் பார்க்கக் கல்கத்தாவுக்குப் போன கைர், கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலிடம் நம்பிக்கை வைத்தார். ரஸ்ஸல் கைவிட்டுவிட்டு வேறொருவரை மணந்துகொண்டார். ஊர் திரும்ப முடியாமல் மசூலிப்பட்டினத்தில் ஆண்டுகளைக் கழித்து, கடைசியில் ஹைதராபாத் திரும்பி 1813இல் இறந்தபோது கைருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெற்ற பிள்ளைகளை மறுபடி பார்க்கவேயில்லை. பாட்டி ஷரஃப்-உன்-நிசாவும் இங்கிலாந்தில் கிட்டி ஆகிவிட்ட பேத்தியும் ஏறக்குறைய 40 ஆண்டு கழித்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், பாட்டி பாரசீகத்தில், பேத்தி ஆங்கிலத்தில். இடையில் மொழிபெயர்ப்பாளர்கள்.

கைரின் கதை நமக்கு இவ்வளவு விரிவாகக் கிடைப்பதற்குக் காரணம் கடிதங்கள். கிர்க்பாட்ரிக் தன் அண்ணனுக்கு எழுதியவை, ரஸ்ஸல் தன் தம்பிக்கு எழுதியவை. ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு ஒரு பெண்ணைப் பற்றி எழுதியவை. கைர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்ன நினைத்தார் என்பதை அந்தக் கடிதங்களின் ஓரங்களிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. (கிர்க்பாட்ரிக் கட்டிய அந்த மாளிகை வளாகம் 1949இலிருந்து பெண்கள் படிக்கும் இடம். கோட்டி மகளிர் கல்லூரி என்றால் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் நிற்கும்போது தூண்களைவிட மாணவிகளின் இரைச்சல்தான் நன்றாக இருக்கும்.)

கிளாரிந்தாவுக்கு அப்படிக் கடிதக்கட்டு எதுவும் இல்லை. ஒரு பாதிரியாரின் குறிப்பும் ஒரு பதிவேடும் ஊர்ப் பேச்சும்தான். எனவேதான் அந்த இடைவெளியைத் தீ வந்து நிரப்பிக்கொள்கிறது.

தீ எதற்கு வேண்டியிருக்கிறது? அதை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு பிராமணப் பெண், வெள்ளைக்காரர் ஒருவரோடு வீட்டைவிட்டுப் போனார். அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை அக்கிரகாரமும் தாங்காது, சபையும் தாங்காது. தீ இருந்தால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எரிகிற கட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு போனால் அதற்கு உடம்பு என்ன செய்யும்? தீ அவருடைய கற்புக்குச் சான்றிதழ் தருகிறது. அந்த அதிகாரிக்கு வீரன் பட்டமும், கும்பினிக்கு ஒரு நியாயமும் தருகிறது. படை கொண்டு வந்தவர்கள் பெண்களைக் காப்பாற்ற வந்தவர்களாகிவிடுகிறார்கள். உடன்கட்டை பொய் என்று நான் சொல்லவரவில்லை. தஞ்சாவூர் மராத்தியர்களிடையே அந்தக் கொடுமை இருந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து அதைத் தடுத்தது 1830இல்தான். இந்தப் பெண்ணுக்கும் தீ மூட்டியிருக்கலாம். ஆனால் தீ மூட்டினார்களா இல்லையா என்பதைக் காட்டிலும், தீ இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1778க்கு முந்தைய அந்தச் சில ஆண்டுகள் தஞ்சாவூருக்கு எப்படிப்பட்டவை என்பதையும் இந்தக் கதை சொல்வதில்லை. 1773இல் கும்பினிப் படை தஞ்சாவூரைப் பிடித்து ஆர்க்காட்டு நவாப்பின் கையில் கொடுத்தது. துளஜா மன்னர் சிறைப்பட்டார். 1776இல்தான் அரியணை திரும்பியது. அரசரை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள் சோற்றுக் கவலையாகத்தான் இருந்திருக்கும். அப்படிப்பட்ட காலத்தில் அப்படிப்பட்ட வீடொன்றில் தலை மழித்த ஓர் இளம் விதவைக்கு எந்த மூலை மிச்சம் இருக்கும்? காப்பாற்ற வந்த கையும் அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட படையின் கைதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஒரு பெண் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். வேறு எந்தக் கையும் நீளவில்லை என்பதாலும் பிடித்திருக்கலாம். பிடித்துப்போய்ப் பிடித்திருக்கவும் கூடும். இந்த மூன்றும் ஒரே மனதில் ஒரே இரவில் இருக்க முடியும் என்பது வாழ்ந்த பெண்களுக்குத் தெரியும்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. உடன்போக்கு. வீட்டாருக்குத் தெரியாமல் தலைவனோடு புறப்பட்டுப் போகும் தலைவியைச் சங்கப் பாடல்கள் எத்தனையெத்தனை முறை பாடியிருக்கின்றன. செவிலித்தாய் சுரத்தில் தேடிப் போவார், எதிர்வருபவர்களிடம் கேட்பார், அவர்கள் 'விட்டுவிடு, அவள் போன வழி அறவழிதான்' என்று ஆறுதல் சொல்வார்கள். பாலைத்திணையின் அழகே அதுதான். ஆனால் அந்த மரபில் உடன்போக்கு கன்னிக்கு மட்டுமே. கணவரை இழந்தவருக்குச் சங்க இலக்கியம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று கைம்மை நோன்பு: வேளைக்கீரை, கல்படுக்கை. மற்றொன்று பெருங்கோப்பெண்டு தேர்ந்த வழி. பூதப்பாண்டியன் மனைவி, சான்றோர்கள் தடுத்தும் கேளாமல் கைம்மைச் சோற்றை எள்ளிவிட்டுத் தீக்குள் போனார். புறநானூற்றில் அவர் பாட்டு இருக்கிறது. நாம் அதை வகுப்பில் கம்பீரமாகத்தான் நடத்துகிறோம். உடன்கட்டைக்குப் பாட்டு இருக்கிறது, நோன்புக்கும் பாட்டு இருக்கிறது. விதவையின் உடன்போக்குக்குத் துறை இல்லை. இலக்கணம் இடம் வைக்காத இடத்துக்கு ஒரு பெண் நடந்துபோனார். அதைச் சொல்ல மொழி இல்லாததால், சொன்னவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பவும் தீக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மாதவையா உப்பு, அப்காரி இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 'பத்மாவதி சரித்திர'த்தையும் 'முத்துமீனாட்சி'யையும் தமிழில் தந்தவர், கிளாரிந்தாவை ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. விதவை மறுமணத்தை 1903இல் தமிழில் சொல்லிவிடலாம், மணமகன் அதே சாதியாக இருக்கும்வரை. வெள்ளைக்காரரோடு மணமின்றி வாழ்ந்த விதவையைச் சொல்லக் கொஞ்சம் தூரம் தேவைப்பட்டிருக்கும். ஆங்கிலம் அந்தத் தூரம். திருநெல்வேலிச் சீமைக்காரரான அவருக்கு இது தன் ஊர்க் கதை என்பதை மறந்துவிடக் கூடாது. தன் சாதிக்கு உறைக்கும் கதையை ஒரு பிராமணர் துணிந்து எழுதினார் என்பதில் எனக்கு மதிப்பு உண்டு. பின்னால் அது தமிழிலும் பெயர்க்கப்பட்டது.

என்றாலும் நாவலாக இருந்தாலும் ஊர்ப் பேச்சாக இருந்தாலும் நாம் ஆசையோடு கேட்பது காதல் நடந்த அந்தச் சில வருடங்களைத்தான். எண்ணிப் பாருங்கள். லிட்டில்டன் இறந்து, 1778இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, கிளாரிந்தா 1806 வரை வாழ்ந்தார். 28 ஆண்டுகள். இரண்டாம் முறை துணை இழந்த ஒரு பெண், பிறந்த ஊரில் இல்லை, பிறந்த சாதி கழித்துவிட்டது, பேசிய மராத்தியைப் பேச ஆள் இல்லை, கூட வாழ்ந்தவரின் மனைவி என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி உரிமையும் இல்லை. இப்படிப்பட்டவர் ஒரு பாளையக்காரச் சீமையில் 28 ஆண்டுகள் என்ன செய்தார்? அங்கேதான் எனக்கு அவர் பிடித்துப்போகிறார்.

முதலில் ஆள் சேர்த்தார். பாளையங்கோட்டையில் அதற்கு முன்பே ஓரிரு கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1771இலேயே அங்கு சவரிமுத்து என்ற ஒருவர் வேதம் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்ததைச் சுவார்ட்ஸ் குறிப்பிடுகிறார். ஆனால் கூடுவதற்கு இடமும் செலவுக்குப் பணமும் அதிகாரிகளிடம் பேசும் வாயும் கிளாரிந்தாவிடம் இருந்தன. உபதேசியார் ஒருவர் வேண்டும் என்று கேட்கத் தஞ்சாவூருக்கே போனார். இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கயத்தாறு, மதுரை, திருச்சிராப்பள்ளி என்று மாட்டு வண்டியிலோ பல்லக்கிலோ எத்தனை நாள் பயணம். போய்ச்சேர்கிற ஊர் எது? தன்னைக் கழித்துக்கட்டிய ஊர். போய்ப் பார்க்கிற ஆள் யார்? தன்னை ஒருமுறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். தெருவில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டிருந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டாரா, நிமிர்ந்து பார்த்தாரா? அந்தப் பயணத்தை ஒரு நாவலாசிரியரும் இன்னும் எனக்கு முழுசாக எழுதித் தரவில்லை. வல்லத்தைச் சேர்ந்த சத்தியநாதன் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790இல் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

கோயிலுக்குப் பெரும்பங்கு பணம் கிளாரிந்தாவுடையது. 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தையும் அவர் தொடங்கியதாகப் பெருமையோடு சொல்வார்கள். கிணற்றின் கதை எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பைத் தரும். தீட்டுப்பட்டவர் என்று எந்தச் சாதி அவரைத் தள்ளிவைத்ததோ அந்தச் சாதியின் பெயரையே ஊர் அவர் கிணற்றுக்கு வைத்தது. வெட்டியவருக்கு ஊர் செய்த மரியாதையா, சாதிக்கு ஊர் செய்த மரியாதையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வேறொரு சாதிப் பெண் வெள்ளைக்காரரோடு வாழ்ந்து, அதே கிணற்றை வெட்டி, அதே கோயிலைக் கட்டியிருந்தால் 'அம்மாள்' ஒட்டியிருக்குமா? அந்தக் காலத்துக் கோட்டைகளைச் சுற்றி அப்படி வாழ்ந்த ஏழைப் பெண்கள் எத்தனையோ பேர். சிப்பாய்களின் மனைவிகள், மனைவி மாதிரிகள். அவர்களுக்குக் கதை இல்லை, கிணறும் இல்லை. கிளாரிந்தாவை நாம் இவ்வளவு நினைவில் வைத்திருப்பதில் அவர் இழந்த சாதிக்கும் பங்கு உண்டு.

தமிழ் படித்தவளாக எனக்கு ஒரு தனிக் குறை இருக்கிறது. 1785 வாக்கில், அதே பாளையங்கோட்டைக்கு வந்துபோகும்போது, சுவார்ட்ஸ் ஒரு சிறுவனைப் படிக்கவைக்கத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அந்தச் சிறுவன்தான் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கையெழுத்துப்படிகள் இருக்கின்றன, பாடல்கள் இன்றும் கோயில்களில் பாடப்படுகின்றன, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. சிறுவன் கல்வி தேடித் தஞ்சாவூருக்குப் போன அதே வழியில் சில காலம் முன்னும் பின்னுமாக உபதேசியார் தேடிப் போனவர் கிளாரிந்தா. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, மராத்தியும் தமிழும் அறிந்த, ஒரு சபையையே நடத்திய பெண் ஒரு வரியும் எழுதாமலா இருந்திருப்பார்? கடிதமாவது, வீட்டுக் கணக்காவது. யாரும் எடுத்துவைக்கவில்லை. குறவஞ்சியில் குறி சொல்லும் பெண் கற்பனைப் பாத்திரம். அவருக்கு ஓலைக்கட்டில் இடம் இருந்தது.

அவர் கையால் அல்லாமல் அவரைப் பற்றி மிஞ்சியிருக்கும் தாள்களில் எனக்கு முக்கியமானது 1780ஆம் ஆண்டு சபைப் பதிவேடு. அதில் 40 பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா. ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கும் திருச்சபைப் பட்டியல் அந்தக் காலத்தில் வேறு எங்கே இருந்திருக்கும் என்று தெரியவில்லை, இருந்தால் மகிழ்வேன். தொடர்ந்து பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். தஞ்சாவூர் வீட்டில் எதிரே வந்தாலே ஒதுங்கியிருக்க வேண்டியவர்கள் இந்த ஏட்டில் அவருக்கு அடுத்தடுத்து நிற்கிறார்கள். அவரோடு ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருவரைச் சொல்வார்கள். ஒருவர் அவர் வீட்டில் வேலை செய்த பெண்; ஞானஸ்நானத்தில் சாராள் என்ற பெயர் பெற்றார். மற்றவர் கிளாரிந்தா எடுத்து வளர்த்த பிள்ளை.

பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் ஹென்றி லிட்டில்டன்.